தகரத்துக்குக் கேட்ட மழை

ஓம் புள்ள ஜெமீலா, மழை மூடினா நான் உன்ட குசினிக்கு ஓடி வாறது தேத்தண்ணிக்கெண்டு உன்ட மாமி ஊரெல்லாம் கதைச்சித் திரியிறா. திரியட்டும். உன்ட தேத்தண்ணில சாயமும் இல்ல, சீனியும் இல்ல, அதுக்கா வருவன்? உன்ட குசினிக்கு மேல தகரம் இரிக்கி. அதுக்கு வாறன். என்ட மகன் கட்டின ஊட்டுக்கு மேல சிலாப். மழை பெஞ்சி முடிஞ்சி வாசல் முத்தம் நனைஞ்சி கிடந்தாத்தான் பெஞ்சதெண்டே தெரியும்.

நான் சின்னப் புள்ளையா இரிக்கக்குள்ள எங்கட ஊடு தென்னோலைக் கிடுகு. மழைக்குச் சத்தம் வராது, தண்ணிதான் வரும். எனக்கு மூத்தவ, ராத்தாவுக்கெண்டு வாப்பா புது ஊடு கட்டத் தொடங்கினார். நம்மட ஊருல பொம்புளப் புள்ளைக்கி ஊடில்லாமக் கலியாணம் நடக்குமா? சுவரு இடுப்பு மட்டும்தான் எழும்பினது, அதுக்குள்ள தூண நட்டு, கல்முனைக் கடையில தகரம் எடுத்து வண்டில்ல கொணந்து மேய்ஞ்சிட்டார். புதுத் தகரம் பார்த்திரிக்கியா? வெள்ளையா, உள்ளுக்குப் பூப்பூவா மினுங்கும். நான் நக்கியும் பார்த்தன். "அது இரும்புதான் மகள், மேல துத்தநாகம் பூசிரிக்கி. அந்தச் சட்டை இரிக்கிமட்டும் கறள் புடிக்காது. கடலுல இருந்து வாற கடக்காத்து முதல்ல சட்டையத்தான் தின்னும்" எண்டு வாப்பா சொன்னார். மிஞ்சின துண்டுல ஒண்ட கோழிக்கூட்டுக்குப் போட்டார், ஒண்ட வளைச்சி மழைத்தண்ணி ஓடப் பீலியாக்கினார். பகல்ல அந்தக் கூரைக்குக் கீழ அடுப்புச் சூடுதான். மேல உம்மா கொச்சிக்காய் காயப் போடுவா. பூனை நடந்தா யானை நடந்த மாதிரிக் கேக்கும்.

மழை பெஞ்சா அது பாடுமெண்டு எல்லாரும் சொன்னாங்க. எனக்குப் பொறுக்க ஏலாது. ஆனா நெல்லு வெட்டுக்காலம், மானம் வெளிச்சிக் கிடக்கு. வாப்பா ஓயாமச் சொல்லுவார், "நெல்லு வந்தாச் சுவரு, சுவரு எழும்பினா நிக்காஹ்" எண்டு. அதெல்லாம் எனக்கு ஏறல்ல. உம்மா தொழுதிட்டுக் கையேந்தக்குள்ள நானும் பக்கத்துல இருந்து ஏந்தினன். யா அல்லாஹ், ஒரு மழை எண்டன். சின்ன மழையெண்டு கேக்கத் தெரியல்ல.

வந்திச்சி புள்ள. முதல்ல அரிசி கொட்டின மாதிரி, பொறகு கடல் கூரையில ஏறின மாதிரி. நானும் ராத்தாவும் அந்தத் தகரத்துக்குக் கீழ பாயில கிடந்து கட்டிப்புடிச்சிச் சிரிச்சம். உம்மா மட்டும் சிரிக்கல்ல, வாசலையே பார்த்துக்கு நிண்டா. நாவிதன்வெளி வயலுல வாப்பாட கதிரெல்லாம் வெட்டித் தரையில கிடந்திச்சி. மழை விடவே இல்ல. வாப்பா வந்து கையத் திறந்து காட்டினார். ஒவ்வொரு நெல்லுலயும் வெள்ள முளை.

சுவரு அந்த இடுப்போட நிண்டிச்சி. மாப்புள ஊட்டார் வேற இடம் பார்த்திட்டாங்க. அந்தச் செய்தி வந்த அண்டைக்கும் மழை. ராத்தா பக்கத்துல படுத்து அழுதிரிக்கா. எனக்கு அவட சத்தம் கேக்கல்ல. தகரத்துச் சத்தம்தான் கேட்டன்.

பொறகு அவவுக்கு நல்ல மனிசன்தான் கிடைச்சார். கிழவியான பொறகு ஒரு நாள், அந்த மழைய நான்தான் கேட்டனெண்டு சொன்னன். விழுந்து விழுந்து சிரிச்சா. "உன்ட துஆ அப்புடிப் பலிக்குமெண்டா, எனக்கு ரெண்டு மாப்புள கேட்டிரிக்கலாமே கா" எண்டா. இப்ப அவவும் மௌத்து. அந்தத் தகரத்தையும் கடக்காத்து திண்டிட்டு. கேட்டத அல்லாஹ் மன்னிப்பான், அப்ப நான் சின்னப் புள்ள. இண்டைக்கும் அந்த மழைய நினைச்சா எனக்குச் சந்தோசம் வருதே, அத என்ன செய்ய? உன்ட புரிசனும் இந்தக் குசினியக் கழட்டிச் சிலாப் போடப் போறானாம்.

இந்தா, ஒண்டு விழுந்திச்சி. கேட்டியா? இன்னொண்டு. நல்லாப் பெய்யட்டுமெண்டு வாய் வரைக்கும் வருது புள்ள.

வாசல்ல விரிச்ச படங்குல உன்ட அவிச்ச நெல்லல்லவா காயுது? கோப்பைய வை. படங்குட அந்தத் தலைப்பப் புடி, சுறுக்கா.