பெயர் கேட்டார்கள்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். 'க'வில் தொடங்கும் சொற்கள்தான் மோசம். கடையில் கருவாடு கேட்க வராமல், வாய்க்கு வந்த வேறெதையாவது வாங்கிப்போய் அம்மாவிடம் ஏச்சு வாங்குவேன். ஆனால் என் பெயரும் 'க'வில்தான் தொடங்குகிறது. அதை மாற்றிச் சொல்ல முடியாது. அதனால் வெளியே எனக்காக எப்போதும் அப்பாதான் பேசுவார்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஆசிரியர் வேலைக்கான நேர்முகப் பரீட்சைக்காகப் பசறையிலிருந்து அப்பாவோடு பதுளை பஸ் ஏறினேன். யுத்த காலம். வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். ஓர் ஆமிக்காரர் என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, சிங்களத்தில் என் பெயரைக் கேட்டார்.

வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. தாடை இழுத்துக்கொண்டது. அவர் மறுபடி, உரக்கக் கேட்டார். அப்பா முன்னால் வந்து என் பெயரைச் சொன்னார். "உன்னையா கேட்டேன்?" என்று ஆமிக்காரர் அப்பாவைத் தள்ளி நிறுத்தினார். துப்பாக்கியை நீட்டியபடி இன்னொருவரும் வந்தார். அட்டை இவளுடையதுதானா என்று அவர்கள் பேசிக்கொண்டது எனக்குப் புரிந்தது.

"சீக்கிரம் சொல்லிரு புள்ள, எல்லாரும் மாட்டிக்குவோம்" என்றாள் பின்னால் நின்ற பெண். அவசரப்படுத்தினால் எனக்கு இன்னும் திக்கும்.

பெயரைச் சொல்லப் பார்ப்பதை விட்டுவிட்டேன். தெரிந்த சிங்களத்தில் இழுத்து இழுத்துச் சொன்னேன்: "எனக்குப் பேச்சு திக்கும். கொஞ்சம் இருங்க, நானே சொல்றேன்." இதை அதுவரை எந்த மொழியிலும் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில்கூட அதைப் பற்றிப் பேச மாட்டோம்.

துப்பாக்கி இறங்கவில்லை. ஆனால் பெயர் கேட்டவர் காத்திருந்தார். முதல் எழுத்திலேயே ஏழெட்டுத் தடவை முட்டி, கண்ணை மூடாமல், பெயரைச் சொல்லி முடித்தேன். அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

பஸ் மறுபடி கிளம்பியதும் அப்பா, "நேர்முகத்துக்கு உள்ளுக்கு நான் வரவா?" என்றார்.

"வே... வேணாம்ப்பா."

நேர்முகத்தில் முதலில், சாவடியில் சொன்னதையேதான் சொன்னேன். யாழ்ப்பாணத்து அதிகாரி ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உப்பிடிக் கதைச்சா பிள்ளையள் சிரிக்க மாட்டினமோ?"

"சி... சிரிப்பாங்க சேர். பெறகு பழகிருவாங்க."

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். வெளியே வந்து அழுதேன்.

சில மாதங்கள் கழித்து நியமனக் கடிதம் வந்தது. திக்குவாய் இன்றும் போகவில்லை. பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்தார்கள், ஏறக்குறைய இரண்டு வாரம்.