தூசி எப்படிக் கட்டி பிடிக்கிறது? கேமரன் மலையில் மூன்று நாள்

“பீட்டா பிக்டோரிஸ் நட்சத்திரத்தை மலேசியாவிலிருந்து வெறுங்கண்ணால் பார்க்க முடியுமா? எங்கே போகலாம்?” என்று ஒரு வாசகி இந்த வலைப்பூவில் கேட்டிருந்தார். முடியும். நானே பார்த்திருக்கிறேன். 1985-இல், சீனப் புத்தாண்டு விடுமுறையில், கேமரன் மலையில் ரிங்லெட் ஊருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். தோட்டத்தின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். ஏன் என்பது படித்தால் விளங்கும்.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. ஈப்போவில் ஓர் இடைநிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. அதற்கு முந்தைய ஆண்டு ஒரு படம் வெளியாகியிருந்தது. சிலி நாட்டு மலையொன்றில் இருந்த தொலைநோக்கியில், இந்த பீட்டா பிக்டோரிஸின் ஒளியைச் சிறு தட்டால் மறைத்துவிட்டு எடுத்த படம். மறைத்த இடத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு கோடு நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கோடுதான் தூசித் தட்டு. நாம் அதைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறோம். நம் சூரியனைச் சுற்றிக் கோள்கள் உண்டானதும் இப்படி ஒரு தட்டிலிருந்துதான் என்பார்கள். இன்று வேற்றுச் சூரியன்களின் கோள்கள் ஆயிரக்கணக்கில் தெரியும். அன்றைக்கு உறுதியாக ஒன்றுகூடத் தெரியாது. அந்த ஒரு கோட்டை நூலகத்தில் பார்த்துவிட்டு எனக்கு இரண்டு வாரம் வேறு நினைப்பே இல்லை. தட்டு கண்ணுக்குத் தெரியாது, நட்சத்திரமாவது தெரியுமே, அதைப் பார்த்துவிட வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது. ஈப்போவின் தெருவிளக்குகளில் அது நடக்கிற காரியமில்லை.

சீனப் புத்தாண்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அந்த நாள் எப்போதும் அமாவாசையை ஒட்டித்தான் வரும். நிலா தொல்லை இல்லை, பள்ளிக்கும் விடுமுறை. இதைக் கண்டுபிடித்த பெருமையில் நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். சீனர்கள் பல நூற்றாண்டுகளாக இதைத் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

காலை 7.15-க்கு ஈப்போவில் பஸ் ஏறினேன். மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், கட்டணம் இரண்டு வெள்ளி அறுபது காசு (வெள்ளி என்றால் ரிங்கிட்). 8.40-க்குத் தாப்பா. ஒரு தோசையும் கோப்பியும் எண்பது காசு. 9.30-க்கு மலை பஸ். ரிங்லெட் நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுகள் எண்ணி மாளாது. தோசை சாப்பிட்டது தப்பு என்று பாதி வழியிலேயே தெரிந்துவிட்டது. மலை பஸ்ஸுக்கு இரண்டு வெள்ளி நாற்பது காசு. பதினொன்று ஐந்துக்கு ரிங்லெட்.

அங்கிருந்து தோட்டம் ஆறு கிலோமீட்டர். வாடகைக் கார்க்காரர் ஐந்து வெள்ளி கேட்டார். தமிழர்தான்.

“யார் வீட்டுக்கு லா? கல்யாணமா?”

“இல்லை. நட்சத்திரம் பார்க்க.”

கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் வழி முழுக்க வாயைத் திறக்கவில்லை. பைத்தியத்தோடு எதற்கு வம்பு என்று நினைத்திருப்பார்.

நான் தங்கியது என் பெரியப்பா மகன் வீட்டில். அண்ணன் அந்தத் தோட்டத்தில் கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கர். துரை, கிராணி என்ற பழைய பட்டங்கள் அப்போதும் அங்கே மாறாமல் இருந்தன. துரை என்றால் மேனேஜர்; அவர் வெள்ளைக்காரர் இல்லை, நம்ம நிறத்துக்காரர்தான்.

“நட்சத்திரம் பாக்க இவ்ளோ தூரமா, தங்கச்சி? ஈப்போல வானம் இல்லையா?” என்று அண்ணன் சிரித்தார். சாயங்காலம் ஆனதும் சிரிப்புக்கு அர்த்தம் புரிந்தது. ஏழு மணிக்கெல்லாம் பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறி, எதிரே இருந்த தேயிலை பேக்டரியின் விளக்குகூட மங்கிவிட்டது. முதல் நாள் வானம் பூஜ்யம். குளிர் பதினாறு டிகிரி.

மறுநாள் காலை, சும்மா இருப்பானேன் என்று அண்ணன் என்னைப் பேக்டரிக்குக் கூட்டிப்போனார். பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பறித்த கொழுந்தை மாடியில் நீளமான தட்டுகளில் பரப்பி, எண்ணெய் அடுப்பில் சூடாக்கிய காற்றை விட்டு வாட்டுவார்கள். வாடிய கொழுந்தை இறக்கி ரோலரில் போடுவார்கள். ரோலர் என்பது ஆளுயரப் பித்தளை உருளை. வட்டமான மேசைமேல் சுற்றிச் சுற்றி வந்து கொழுந்தை முறுக்கும். அப்போது சாறு கசிந்து கொழுந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி பிடிக்கும். கட்டியைச் சல்லடையில் உடைத்துவிட வேண்டும். அதிகம் கட்டி பிடித்தால் உள்ளே வெந்து தேயிலை கெட்டுவிடும்.

அந்த ரோலரைப் பார்த்தபடி நின்றேன். வட்டமாகச் சுற்றும் ஒன்று, அதில் சின்னச் சின்னதாகக் கட்டிகள். என் படம் கண் முன்னால் ஓடுகிற மாதிரி இருந்தது. ரோலரைக் கவனித்துக்கொண்டிருந்தவர் மாரிமுத்து. நாற்பத்தைந்து வயது இருக்கும், வலது கால் சற்று விந்தி நடப்பார். அவரிடம் நட்சத்திரத்தையும் தூசித் தட்டையும் பற்றி ஆரம்பித்துவிட்டேன். தூசி இப்படித்தான் சுற்றிச் சுற்றிக் கட்டி பிடித்து, கட்டி பெரிதாகி, பூமி மாதிரி ஒரு கோள் ஆகும் என்று கையை ஆட்டி விளக்கினேன். கொல்லன் தெருவில் ஊசி விற்றேன் என்று சொன்னால் போதும்.

அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, “சரிங்க டீச்சர். கொழுந்துக்குச் சாறு இருக்கு, ஒட்டுது. அங்க எது சாறு?” என்றார்.

“ஈர்ப்பு விசை. ஒன்றை ஒன்று இழுக்கும்.”

மாரிமுத்து பக்கத்துச் சல்லடையிலிருந்து காய்ந்த தேயிலைத் துணுக்கு இரண்டை எடுத்து உள்ளங்கையில் பக்கம் பக்கமாக வைத்தார். “இது ரெண்டும் இழுக்குதா? பெரிய கட்டி சின்னதை இழுக்கும்னா ஒத்துக்கலாம். மொத ரெண்டு தூசி எப்படிங்க ஒட்டுச்சு?”

எட்டு வருடமாகப் பாடம் நடத்துகிறேன், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. “தெரியலையே” என்றேன்.

அவர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். “அப்படி வெளிய சொல்லாதீங்க டீச்சர். நான் சொல்லித்தான் மாட்டிக்கிட்டேன்.”

விஷயம் இதுதான். மூன்று வாரமாக ரோலரில் கட்டி அதிகமாக விழுந்துகொண்டிருந்தது. துரை நேரில் வந்து காரணம் கேட்டபோது, பேக்டரி பொறுப்பாளரான டீ மேக்கர் ஏதேதோ சொல்லியிருக்கிறார். மாரிமுத்துவைக் கேட்டதும், அவர் உள்ளதை உள்ளபடி, “எனக்கே தெரியலைங்க, ரெண்டு நாள் குடுங்க, பாத்துச் சொல்றேன்” என்றிருக்கிறார். தெரியாதவனுக்கு ரோலர் எதற்கு என்று முடிவாகிவிட்டது. ஒன்றாம் தேதியிலிருந்து அவருக்கு மலைவேலை. லாரியிலிருந்து விழுந்து முட்டி உடைந்த கால் அது. செங்குத்தான சரிவில் அரை நாள் தாங்காது. வேலையை விட்டால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் விட வேண்டும். மாற்றல் கடிதத்தை டைப் அடித்து மேசை டிராயரில் வைத்திருப்பவர் என் அண்ணன்தான். அண்ணன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இப்போது காரணம் தெரிந்ததா?” என்று கேட்டேன்.

“ஈரங்க டீச்சர். எண்ணெய் மிச்சம் புடிக்க மாடில சூடு கொறைச்சாங்க. பனி வேற. பன்னெண்டு மணி நேரத்துல கொழுந்து வாடவே இல்ல. ஒரு தட்டு மட்டும் கூட அஞ்சு மணி நேரம் விட்டுப் பாத்தா தெரிஞ்சிடும். நான் சொன்னா யாரு விடுவாங்க?”

எனக்கும் அதுதான் தேவை. ஈரத்துக்கும் கட்டிக்கும் என்ன உறவு என்று தெரிந்தால் தூசிக் கேள்விக்கு ஒரு நுனியாவது கிடைக்கும். மாரிமுத்துவைக் காப்பாற்றத்தான் கிளம்பினேன் என்று இப்போது சொன்னால் பொய். பாதிக்குப் பாதி என் ஆர்வம்தான். அண்ணன் டீ மேக்கரிடம் போய், “ஈப்போலேர்ந்து டீச்சர் வந்திருக்கு, பள்ளிக்கூடப் பாடத்துக்கு ஒரு சோதனை பாக்கணுமாம்” என்றார். டீச்சர் என்றதும் டீ மேக்கருக்கு உற்சாகம் வந்துவிட்டது. பேக்டரியை எனக்குச் சுற்றிக் காட்ட வேறு ஆரம்பித்துவிட்டார்.

அன்று மாலை ஆறு மணிக்கு ஒரே மலையின் கொழுந்தை இரண்டு தட்டுகளில் பரப்பினார்கள். அன்றும் பனி, நட்சத்திரம் இல்லை. மறுநாள் காலை ஆறுக்கு முதல் தட்டை இறக்கி, அரை மணி நேரம் உருட்டினார்கள். இரண்டாவது தட்டு பதினொன்றுக்கு. அதே ரோலர், அதே நேரம், அதே அழுத்தம்; அழுத்தத் திருகை எத்தனை சுற்று சுற்றினார் என்று நானே நின்று எண்ணினேன். முதல் தட்டில் சல்லடைக்கு மேலே நின்ற கட்டி ஒன்றரை வாளி, எலுமிச்சங்காய் அளவுக்கு. இரண்டாவதில் கால் வாளிகூட இல்லை, கொண்டைக்கடலை மாதிரி. மாரிமுத்து இரண்டு வாளியையும் பக்கம் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

டீ மேக்கர் ஒரு கட்டியை நசுக்கிப் பார்த்தார். “நான் அப்பவே நெனச்சேன், கொழுந்து இன்னும் வாடணும்னு” என்றார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஆள். போகும்போது அண்ணனிடம், “அந்தக் கடுதாசிய இப்போதைக்கு அப்படியே வைங்க, தொரைகிட்ட நான் பேசிக்கிறேன்” என்றார். மன்னிப்பும் இல்லை, மாரிமுத்து சொன்னது சரி என்ற பேச்சும் இல்லை. ஆனால் அந்தக் கடிதம் கடைசிவரை டிராயரை விட்டு வெளியே வரவில்லை.

அன்று மாலை பனி ஏறவில்லை. 8.40-க்கு, பேக்டரி விளக்கு படாத கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் பின்னால், அண்ணன், மாரிமுத்து, கொழுந்து பறிக்கும் அவர் மனைவி லெட்சுமி, நான் என்று நாலு பேர் தெற்குப் பார்த்து நின்றோம். அகத்திய நட்சத்திரத்தை (கனோபஸ்) யாரும் தவறவிட முடியாது, அந்தப் பக்கத்தில் அவ்வளவு பளிச்சென்று வேறொன்று இல்லை. அதிலிருந்து வலப்பக்கம், நீட்டிய கையில் மூன்று விரல் தள்ளி, சற்றே மேலே. இருந்தது. மங்கலாக, அசையாமல்.

“இதுக்கா பஸ் ஏறி வந்தீங்க? பொடி மாதிரி இருக்கு” என்றார் லெட்சுமி.

“அந்தப் பொடியைச் சுத்தித்தான் தூசி இருக்கு” என்று மாரிமுத்து என்னை முந்திக்கொண்டு விளக்கினார். நான் இருபது நிமிடம் அண்ணாந்தே நின்றேன். கழுத்து இரண்டு நாள் வலித்தது.

போகிறவர்களுக்கு: பிப்ரவரிதான் நல்ல மாதம், மாலை எட்டரையிலிருந்து ஒன்பதரைக்குள் அது உச்சத்தில் இருக்கும். மலையில் இன்னும் மேலே உள்ள பிரிஞ்சாங் ஊரில் தங்காதீர்கள், இரவுச் சந்தை வெளிச்சம் ஆளைத் தின்றுவிடும். ரிங்லெட் பக்கம் தெற்கு திறந்த மேடாகப் பாருங்கள். குறைந்தது மூன்று இரவு வையுங்கள். பனியிடம் பேரம் பேச முடியாது. கனமான ஸ்வெட்டர் ஒன்று கட்டாயம். நான் சொன்ன கட்டணங்களை இன்று யாரிடமும் சொல்லிச் சிரிப்பு வாங்காதீர்கள். அந்தத் தூசித் தட்டுக்குள் பிற்காலத்தில் ஒரு கோளைப் படமே எடுத்துவிட்டார்கள், அப்புறம் இரண்டாவதும் தெரியவந்தது. ஆகவே நீங்கள் பார்க்கப்போவது வெறும் நட்சத்திரம் அல்ல, ஒரு குடும்பம்.

மாரிமுத்துவின் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. ஈப்போ திரும்பியதும் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவருக்கு எழுதிப்போட்டேன்: முதல் இரண்டு தூசி எப்படி ஒட்டியது, கேட்டவர் ஒரு தேயிலை பேக்டரித் தொழிலாளி. மூன்று மாதம் கழித்து, பதில் வராது என்று நானே கைவிட்ட பிறகு, ஒரு விமானக் கடிதம் வந்தது. ஜூன் விடுமுறையில் அதை எடுத்துக்கொண்டு, இந்தத் தடவை தோசை சாப்பிடாமல், மறுபடியும் மலை ஏறினேன்.

மாரிமுத்து ரோலரிலேயே இருந்தார். கொழுந்தை இறக்கும் முன் டீ மேக்கர் இப்போதெல்லாம் அவரைத்தான் கேட்கிறாராம். லயத்து வாசலில் உட்கார்ந்து கடிதத்தைத் தமிழில் படித்துச் சொன்னேன். துகள்களின் மின்னேற்றமாக இருக்கலாம், பனிப்பூச்சாக இருக்கலாம், ஆனால் நிச்சயமாகத் தெரியாது, இதுதான் எங்களையும் குழப்புகிறது, நல்ல கேள்வி கேட்டதற்கு அவருக்கு நன்றி சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். இன்றும் இதற்கு முழு விடை கிடைத்தபாடில்லை.

மாரிமுத்து தாளை வாங்கி, படிக்கத் தெரியாத எழுத்துகளின் மேல் விரலை ஓட்டி, அடியில் நிறுத்தினார்.

“இது அவரு கையெழுத்தா?”

“ஆமாம்.”

“தெரியாதுன்னு எழுதி, கையெழுத்தும் போட்டுட்டாரா?” அவர் முகத்தில் உண்மையான கவலை. “இதுக்காக அவரு வேலை போயிடாதே டீச்சர்?”

“போகாது. தெரியாததைக் கண்டுபிடிக்கத்தான் அவருக்குச் சம்பளமே.”

மாரிமுத்து என்னைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார். உள்ளே அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்த லெட்சுமியைக் கூப்பிட்டார்.

“ஏய், இங்க வா. டீச்சர் என்ன சொல்லுது கேளு. உலகத்துல அப்படியும் ஒரு வேலை இருக்காம்.”