எதிர்வீட்டு ஹெல்கா அன்ரி

இப்போது நான் இருக்கும் லொங்குய் நகரில் இன்று பக்கத்து வீட்டுக்காரர் பின்வளவில் கரி மூட்ட, யன்னலால் வந்த அந்தப் புகை, பெர்லின் மதில் விழுந்து சில வருசங்களில் கிழக்கு ஜெர்மனியில் நாங்கள் இருந்த, இப்போது இடித்துவிட்ட அகதி விடுதிக்கு என்னைக் கொண்டுபோனது. எனக்கு ஏழு வயது. எந்நேரமும் நிலக்கரிப் புகை, ஈரம் ஊறிய சுவர்கள், ஒரே குசினியில் ஆறு குடும்பங்களின் சட்டிகள். எதிர்வீட்டு ஹெல்கா அன்ரி இருபது வருசம் வேலைசெய்த நெசவாலையை, நாடு ஒன்றானதும் பூட்டிவிட்டார்கள். பகல் முழுக்க வாசற்படியில் இருப்பார். பள்ளிக்கூடத்தால் வரும் என்னை மறித்துத் தலை பின்னிவிடுவார்.

ஒரு பின்னேரம் இளைஞர்கள் கூட்டமாக வந்து விடுதிக்குக் கல்லெறிந்தார்கள். கண்ணாடிகள் நொறுங்க நொறுங்க, தெருவில் நின்ற அயலவர்கள் கைதட்டினார்கள்.

“அம்மா, ஹெல்கா அன்ரியும் கைதட்டுறா.”

“அது வேற ஆரோ. குனிஞ்சு இரு பிள்ளை,” என்று அம்மா என்னைக் கட்டிலுக்குக் கீழே இழுத்தார்.

மறுநாள் காலை பொலிஸார் எங்களைப் பஸ்ஸில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பினார்கள். ஹெல்கா அன்ரி வாசற்படியில் இருந்தபடி எனக்குக் கையசைத்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கையசைத்தேன்.