பக்கத்து இருக்கை இல்லாத வண்டி

சேலையூரில் எங்கள் தெருவின் முடிவில், மதிலை ஒட்டி ஒரு வெள்ளை வேன் நிற்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதை ஆம்புலன்ஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். போன மழையின்போது ஒருவர் நனைந்தபடி ஓடிவந்து டிரைவர் எங்கே என்று கேட்டார். பக்கவாட்டில் திரைபோட்ட சன்னல்கள், பின்னால் இரட்டைக் கதவு, கூரைமேல் தண்ணீர்த் தொட்டி. உள்ளே படுக்கை, சின்ன அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு. ஊர் சுற்றுவதற்கென்றே செய்த வண்டி. அது சுற்றிய ஊர் வண்டலூர் வரைதான்.

வண்டிக்குச் சொந்தக்காரர் ஐசக். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். நல்ல மனிதர் என்று தெருவில் சொல்வார்கள். அந்தச் சொல்லை நான் அவ்வளவு எளிதாக எடுப்பதில்லை. கவனமான மனிதர் என்று சொல்லலாம். கவனம் என்பது நற்குணந்தானா என்பது வேறு கேள்வி.

அவர் மனைவி புஷ்பம், சைதாப்பேட்டையில் ஒரு மிஷன் பள்ளியில் புவியியல் ஆசிரியை. நான் பார்க்காத ஆறுகளைப் பற்றியே ஆயுள் முழுக்கப் பேசினேன் என்று சிரிப்பார். காலையில் தாம்பரத்தில் மகளிர் பெட்டியில் ஏறுவார். சில நாள் அந்த ரயிலை ஓட்டுகிறவர் அவர் கணவராகவே இருப்பார். பிரேக் பிடிக்கிற விதத்திலேயே தெரிந்துவிடும் என்பார். பல்லாவரத்தில் நிற்கும்போது கம்பியைப் பிடிக்காமல் நிற்க முடிந்தால் அது ஐசக். ஆனால் ஓட்டுநர் அறைக்குள் புஷ்பம் ஒருநாளும் கால் வைத்ததில்லை. வெளியாள் ஏறக் கூடாது என்பது விதி. ஐசக் விதியை மீறுகிறவர் அல்ல.

இருவரும் ஓய்வு பெற்றதும் ஆறுகளைப் பார்க்கப் போவதாக இருந்தார்கள். அதற்குள் புஷ்பத்துக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. போய்விட்டது என்றார்கள். பிறகு அது முதுகெலும்பில் திரும்பி வந்தது. ஒருநாள் மருத்துவர் மருந்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, போக வேண்டிய இடம் ஏதாவது இருந்தால் இப்போதே போய்வந்துவிடுங்கள் என்றார். அதன் பொருள் இருவருக்கும் புரிந்தது. தலைக்காவிரி என்றார் புஷ்பம். பாடத்தில் அதிகம் நடத்திய இடம் அதுதானாம்.

ரயிலில் போக அவர் உடம்பு இடம் தரவில்லை. விடுதிகளின் படிகளும் கழிப்பறைகளும் ஒத்துவராது. வீட்டையே கூடக் கொண்டுபோனால்தான் உண்டு. அதற்கு இரண்டு வழி இருந்தது. எஞ்சினும் படுக்கையும் ஒன்றாயிருக்கும் கேரவன் வேன் ஒன்று. காரின் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப்போகும் டிரெய்லர் வீடு மற்றொன்று. இரண்டையும் செய்து தருகிறவர் தனசேகர். பம்மலில் ஒரு பழைய தோல் கிடங்கில் பட்டறை வைத்திருக்கிறார். ஆம்புலன்ஸ், டிபன் வண்டி, படப்பிடிப்புக்கான கேரவன் என்று எதுவும் கட்டுவார். அவர்கள் முதல்முறை அங்கே போனபோது நானும் உடன் போனேன். புஷ்பம் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு காரின் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். பொழிச்சலூர் சாலையின் ஒவ்வொரு பள்ளத்திலும் கண்ணை மூடித் திறந்தார். ஒரு சத்தமும் வரவில்லை.

தனசேகர் அரைகுறையாக நின்ற ஒரு டிரெய்லரையும் ஒரு வேனையும் காட்டினார். டிரெய்லரில் இடம் அதிகம், கழற்றி ஓரிடத்தில் நிறுத்திவிட்டுக் காரில் சுற்றலாம், ஆனால் பின்னால் எடுப்பதுதான் கஷ்டம் என்றார். ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் ஒடித்தால் வால் அந்தப் பக்கம் போகுமாம்.

"இவருக்கு ரிவர்ஸே தெரியாது தம்பி" என்றார் புஷ்பம். "தாம்பரம் வந்ததும் இந்த முனையில எறங்கி, அந்த முனைக்கு நடந்து போய் ஏறுவாரு. முப்பது வருஷம் அப்படித்தான் திரும்பினாரு. டிரெய்லர் வாங்கினா பின்னாடியும் ஒரு ஸ்டியரிங் வச்சுக் குடுத்துடுங்க."

தனசேகர் விழுந்து விழுந்து சிரித்தார். ஐசக்கும் சிரித்தார். அன்று மூவரும் சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதன்பின் அப்படி ஒரு சிரிப்பை அவர்களிடம் நான் கேட்கவில்லை.

பிறகு புஷ்பம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஓடும்போது டிரெய்லருக்குள் ஆள் இருக்கலாமா?

"கூடவே கூடாதும்மா" என்றார் தனசேகர். "போலீஸ் பாத்தா பேஜாரு. கொக்கி கிக்கி வுட்டுச்சுன்னா உயிருக்கே ஆபத்து. ஓடறப்ப அது காலியாத்தான் ஓடணும். ஆளுங்கல்லாம் முன்னால கார்லதான் குந்திகினு வரணும்."

"அப்போ டிரெய்லர்" என்றார் புஷ்பம்.

ஐசக் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தபின்தான் அது விளையாட்டல்ல என்று தெரிந்தது. பெங்களூரில் செவிலியராக இருக்கும் மகள் ஹெப்சி போனில் அப்பா பக்கம் பேசினாள். சில நாள் கழித்து ஐசக் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். நான் சொன்னால் டீச்சர் கேட்பார் என்று நினைத்திருக்கிறார். அவர் வாதம் ஒழுங்காகவே இருந்தது. வலி வரும் நேரம் நம் கையில் இல்லை, வேன் என்றால் ஓடும்போதே படுத்து வரலாம், டிரெய்லர் என்றால் தலைக்காவிரி வரை உட்கார்ந்தே வர வேண்டும், அது முடியாது.

புஷ்பம் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தே பேசினார்.

"பின்னாடி படுக்கைன்னு ஒண்ணு இருந்தா, நான் மூஞ்சிய சுளிச்ச ஒடனே என்னத் தூக்கி அதுல போட்டுடுவீங்க. உங்களத் தெரியாதா எனக்கு? டிரெய்லர்னா ஓடறப்போ எனக்கு வேற எடமே கெடையாது. உங்க பக்கத்துலதான் உக்காரணும். வலிச்சா வண்டிய நிறுத்துங்க. எறங்கிப் போய்ப் படுத்துக்கறேன். எழுந்தா மறுபடி போலாம்."

"இப்படிப் போனா போய்ச் சேரவே மாட்டோம், புஷ்பம்."

"போய்ச் சேரணும்னு நான் எங்க சொன்னேன்? உங்க வண்டியில இத்தன வருஷம் பின்னாடியே உக்காந்து வந்துட்டேன். முன்னாடி எப்படி இருக்கும்னு பாக்கணும். அவ்வளவுதான்."

ஐசக் சரி என்றார். டிரெய்லரே செய்யச் சொல்கிறேன் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவர் அப்படித்தான் நினைத்திருந்தார்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில், பிரசங்கத்தின் நடுவே புஷ்பத்தால் உட்கார முடியவில்லை. கடைசி பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து இடம் கொடுக்க, அதிலேயே அவரைப் படுக்கவைத்தார்கள். புடவையைக் கால்மேல் இழுத்துவிட்டு ஐசக் தலைமாட்டில் நின்றார். பிரசங்கம் நிற்கவில்லை. திரும்பிப் பார்க்காதவர்கள் யாருமில்லை. புஷ்பம் மேலே சுழலும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஐசக் தனியாகப் பம்மல் போனார். வேனைச் செய்யச் சொன்னார். மனைவியிடம் சொல்லவில்லை. தன்னால் இனி உட்கார முடியாது என்பதை அவள் வாயால் சொல்லவைக்க வேண்டாம் என்று நினைத்தேன் என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். அது அன்புதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் தோற்கும் முன்பே அவருக்குப் பதிலாகத் தோல்வியை ஒப்புக்கொள்ளும் அன்பு அது. புஷ்பத்துக்கு மிச்சமிருந்தது, படுக்க மாட்டேன் என்ற அந்த ஒரு மறுப்புதான். அதையும் இவர் இதமாக வாங்கி வைத்துக்கொண்டார்.

மற்றதைத் தனசேகர் சொல்லித்தான் அறிந்தேன். படுக்கை முழு நீளத்துக்கு வேண்டும், ஏசி குளிர் வெளியே போகாதபடி ஓட்டுநருக்குப் பின்னால் தடுப்பு வேண்டும் என்று ஐசக் ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். ஆக்சிஜன் உருளைக்கும் மருந்து வைக்கும் குளிர்பெட்டிக்கும் இடம் போதவில்லை. ஓட்டுநருக்குப் பக்கத்துச் சீட்டைக் கழற்றிவிட்டு அங்கே வைக்கச் சொன்னார்.

"சீட்ட கழட்டிட்டா கூட வர்றவங்க எங்க சார் குந்துவாங்க?" என்று தனசேகர் கேட்டிருக்கிறார்.

"கூட வர்றது ஒருத்திதான். அவ படுத்திருப்பா."

இன்னொன்றும் கேட்டார். படுக்கை ஓரத்தில் ஒரு பொத்தான், அழுத்தினால் ஓட்டுநர் காதருகே அடிக்கும் மணி. மின்ரயிலில் கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டு அப்படித்தான் ஓட்டுநரோடு பேசுவார். இரண்டு முறை அடித்தால் கிளம்பு. ஒரு முறை அடித்தால் நில். கார்டு மணி அடிக்காமல் ஓட்டுநர் வண்டியை எடுக்கக் கூடாது. புஷ்பம் கையில் அந்த அதிகாரத்தைத் தருவதாக ஐசக் உண்மையாகவே நினைத்தார். அதில் அவருக்கு ஒரு பெருமிதம்கூட இருந்தது. ஒற்றை இருக்கை, பின்னால் தடுப்பு, காதருகே மணி. தன் பழைய அறையையே மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

வேன் தெருவுக்குள் வந்த அன்று புஷ்பம் சன்னலோரக் கட்டிலில் இருந்தார். இரும்புக் கதவு திறக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். வண்டியையும் அதன் பின்னால் இருந்த வெறும் தெருவையும் பார்த்தார்.

"டிரெய்லர் எங்க?" என்றார்.

தனசேகர் ஐசக்கைப் பார்த்தார். அம்மாவுக்குத் தெரியாது என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. சாவியைக் கொடுத்துவிட்டு, பட்டறையில் வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார்.

ஐசக் மனைவியைத் தாங்கிப் பிடித்து வண்டியைச் சுற்றிக் காட்டினார். முன்கதவைத் திறந்தபோது, சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் இருந்த குளிர்பெட்டியைப் புஷ்பம் பார்த்தபடி நின்றார். அவர் கோபப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் மணியைப் பற்றிக் கேட்டார். ஐசக் ஆர்வமாக விளக்கினார்.

"கார்டு வேலை குடுத்துட்டீங்க" என்றார் புஷ்பம். "கார்டு கடைசிப் பெட்டிதானே."

நான்கைந்து நாள் கழித்து ஒரு காலையில் கிளம்பினார்கள். ஹெப்சி மைசூருக்கு வந்து சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. போதகர் வந்து ஜெபம் செய்தார். புஷ்பத்தை நானும் ஐசக்கும் தூக்கிப் படுக்கவைத்தோம். மணி இரண்டு முறை அடித்தது. வேன் குலுங்காமல் கிளம்பி, கேம்ப் ரோடு பக்கம் திரும்பி மறைந்தது. எங்கள் தெருவில் அன்று எல்லோரும் ஐசக்கைப் புகழ்ந்தார்கள்.

உச்சிப் பொழுதுக்கு முன்பே வேன் திரும்பி வந்து நின்றது.

வண்டலூர் வந்ததும் மணி ஒருமுறை அடித்ததாம். ஐசக் ஓரமாக நிறுத்திவிட்டு, இறங்கிச் சுற்றிப் பின்கதவுக்கு ஓடினார். வலியா என்று கேட்டார். இல்லை. தண்ணீர் வேண்டுமா என்றார். வேண்டாம். பின் எதற்கு அடித்தாய் என்றதற்கு, நிற்கிறதா என்று பார்த்தேன் என்றார் புஷ்பம். ஐசக் திரும்பிப் போய் இருக்கையில் உட்கார்ந்து மணி இரண்டு முறை அடிக்கக் காத்திருந்தார். மணி வரவில்லை. லாரிகள் அவரைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. மறுபடி இறங்கிப் பின்னால் போனார்.

"ரெண்டு அடிக்கலியே, புஷ்பம்."

"இங்கேர்ந்து எனக்கு கரண்ட் கம்பிதான் தெரியுது. அதப் பாக்க தலைக்காவிரி போகணுமா? வீட்டுக்குன்னா சொல்லுங்க, அடிக்கறேன்."

இதை என்னிடம் சொல்லும்போது ஐசக்கின் குரல் மாறவில்லை. ஒரு விபத்து அறிக்கை தருகிறவர்போலச் சொன்னார்.

அடுத்த நாளே வேனைப் பம்மலுக்குக் கொண்டுபோய், உருளையையும் குளிர்பெட்டியையும் எடுத்துவிட்டுப் பக்கத்துச் சீட்டைத் திரும்பப் பொருத்தச் சொன்னார். தனசேகர் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு அன்று மாலையே முடித்துக் கொடுத்தார். புதிய சீட்டு, நன்றாகச் சாய்வது, பிளாஸ்டிக் உறையோடு. இப்போது தடுப்பு மட்டும் வேறு யாருக்கோ கட்டியதுபோல நின்றது. ஆனால் வண்டலூரிலிருந்து திரும்பி வந்து இறக்கிய பிறகு புஷ்பத்தால் தலையணையில் சாய்ந்துகூட உட்கார முடியவில்லை. சீட் போட்டாயிற்று என்று ஐசக் போய்ச் சொன்னபோது நான் அங்கே இருந்தேன். போட்டாச்சா என்று கேட்டார். பிறகு, பிளாஸ்டிக்கைக் கிழித்துவிடாதீர்கள், விற்கும்போது நல்ல விலைக்குப் போகும் என்றார். அது சமாதானமா தண்டனையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஐசக்குக்கும் தெரிந்திருக்காது.

ஆடு வெட்டும் ஆட்டுத்தொட்டிக்கு எதிரே இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் புஷ்பத்தின் அடக்கம் நடந்தது. அந்த வருடத்துப் பெரிய மழைக்கு முன்.

வேனை ஐசக் விற்கவில்லை. பாட்டரி செத்துவிடும் என்று அவ்வப்போது எடுத்து ஒரு சுற்று ஓட்டிவருவார். போன வாரம் நான் பேருந்துக்கு நின்றபோது பக்கத்தில் நிறுத்தி, எங்கே என்று கேட்டார். தாம்பரம் ஸ்டேஷன் என்றேன். ஏறுங்க சார் என்றார். முன்கதவைத் திறந்தேன். சீட்டின்மேல் பிளாஸ்டிக் உறை அப்படியே, ஒரு சுருக்கமும் இல்லாமல் இருந்தது. ஐசக் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் போய் ஏறினேன். படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தேன். தடுப்புக்கு அப்பால் அவர் இருப்பது தெரியவில்லை. சன்னலில் மின்கம்பிகள் தெரிந்தன. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி மட்டும் நகரவில்லை. பின்னால் பேருந்து ஒலியெழுப்பியது. ஏதாவது கோளாறா என்று எழுந்து கேட்கப் போனேன்.

அப்போதுதான் புரிந்தது. மறுபடி உட்கார்ந்து, கையை நீட்டிப் பொத்தானைத் தேடி, இரண்டு முறை அழுத்தினேன். வண்டி குலுங்காமல் கிளம்பியது.