ரேகை திரும்பும் வாரம்

ஆசிட்டை ஊற்றியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குளியலறையிலிருந்து வெளியே ஓடிவருவதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். நான் ஓடிவந்தபோது தனம் அக்கா வாசலில் நின்று, தன் கட்டைவிரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு வீடாகப் போய்ச் சுத்தம் செய்பவர்கள் நாங்கள். ஆசிட்டும் சலவை சோடாவும் அவள் கைரேகையை அழித்துவிட்டிருந்தன. அம்பத்தூர் எஸ்டேட்டில் அவளுக்கு, உட்கார்ந்தபடி அட்டைப்பெட்டி ஒட்டும் வேலை கிடைத்திருந்தது. ஆனால் கம்பெனி வாசலில் இருந்த வருகைப்பதிவு மெஷின் அவள் விரலை ஏற்கவில்லை. தோல் வளர்ந்தால் ரேகை வரும், அடுத்த திங்கட்கிழமை வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அதுவரை ஈர வேலையெல்லாம் எனக்கு, ஒட்டடை அவளுக்கு என்று பேசிக்கொண்டோம். நாம் பேசிக்கொண்டபடி எந்த வீடு நம்மை வேலை செய்யவிடுகிறது என்பது உங்களுக்கும் தெரியும்.

நுரை

திருமுல்லைவாயில் அடுக்ககத்தில் ஓர் ஐ.டி. தம்பி, ஆசிட் கூடாது, இயற்கை முறைதான் என்றார். தரையில் சமையல் சோடாவைத் தூவி அதன்மேல் வினிகரை ஊற்றினார். புஸ்ஸென்று பொங்கியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. புளிப்பும் சோடாவும் ஒன்றையொன்று தின்று அடங்கியபின், தண்ணீரும் பழைய கறையும் மிஞ்சின. நான் உட்கார்ந்து நாரால் தேய்த்தேன். அவர் குனிந்து பார்த்துச் சொன்னார்: “இன்னும் கொஞ்சம் நுரை வந்திருந்தா போயிருக்கும்க்கா.”

பூஜை அறை

ஆவடியில் பித்தளை விளக்குகளைப் புளி போட்டுத் துலக்கச் சொன்னார்கள். எனக்கு அன்று தூரம். பூஜை அறைக்குள் போக முடியாது. அக்காதான் போனாள். ரப்பர் கையுறையோடு சாமி சாமானைத் தொடக்கூடாது என்றார் வீட்டம்மா. வெறும் கையால் துலக்கினாள்.

விளக்குகள் பொன்னாக மின்னின. சொட்டிய புளித்தண்ணீர் பட்டு, பளிங்குத் தரை மட்டும் வட்டம் வட்டமாக மங்கிப்போனது. “சாமிக்கு எலுமிச்சம்பழ மாலையே போடறோம், புளிக்கா தரை கெடும்? நீங்கதான் ஆசிட்டக் கொட்டியிருக்கீங்க” என்றார் வீட்டம்மா.

அடைப்பு

ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லி. சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டு தண்ணீர் நின்றது. கம்பியை விட்டுப் பார்த்தேன், போகவில்லை. “நவுரு கண்ணு, நீ இன்னா கம்பிய வச்சி கோலம் போட்டுகினுகீற” என்று அக்கா என்னைத் தள்ளினாள். கையுறை போட்டால் அடைப்பு விரலுக்குத் தட்டுப்படாது. கழற்றினாள். நான் வேண்டாம் என்பதற்குள் கை உள்ளே போய்விட்டது.

“இன்னாடி, வழவழன்னு கீது.”

ஆசிட் என்றால் உடனே எரிந்து சொல்லிவிடும். அடைப்பு நீக்கும் பவுடர் சோப்புபோல வழுக்கிக்கொண்டே தோலைத் தின்னும். அவள் கையை இழுத்துக் குழாயடியில் பிடித்தேன். வீட்டுக்காரர், காலையில் பவுடர் போட்டதைச் சொல்ல மறந்துவிட்டேன் என்று, பாதி எலுமிச்சம்பழத்தோடு ஓடிவந்தார். பவுடரின் காரத்தைப் புளிப்பு முறிக்குமாம். தண்ணீரிலிருந்து கையை எடுக்காமலே அக்கா கேட்டாள்: “ஏன் சார், என் கை இன்னா ரசமா, புளிப்பு பாத்து ஊத்த?”

நான் சிரித்தேன். அவள் விரல் நுனிகள் சிவந்து, கண்ணாடிபோல வழவழப்பாகியிருந்தன.

கேட்

திங்கட்கிழமை எஸ்டேட்டுக்கு நானும் கூடப் போனேன். மெஷினில் கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. மற்ற விரல்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான். “மெஷின் எடுக்கலன்னா நான் என்னம்மா பண்றது? வேற ஆளப் போட்டுக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க” என்றார்.

ஊரிலுள்ள கறையையெல்லாம் போக்கியவளிடம் ஒரு கண்ணாடியில் பதியும் அளவுக்குக்கூட அழுக்கு மிச்சமில்லை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். வரிசையில் அடுத்த பெண் முன்னால் வந்தாள். அக்கா மெஷின் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துவிட்டு விலகி நின்றாள்.