முடிதிருத்துபவரின் தாடி

2014 மே 17, சனிக்கிழமை. வழக்கம்போலப் பிற்பகல் மூன்று பத்துக்கு, பாரிஸின் லா சப்பலில் முகச்சவரத்துக்கு உட்கார்ந்தேன். முடிதிருத்துபவரின் தாடி நெஞ்சைத் தொட்டது. மகளின் பல்கலைக்கழக பேஸ்போல் அணி கிண்ணம் வெல்லும்வரை மழிப்பதில்லை என்று பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருந்தார்.

“இண்டைக்கு இறுதியாட்டமல்லோ? போகேல்லையோ?” என்றேன்.

“நான் போய்ப் பார்த்த ரெண்டும் தோல்வி, அண்ணை. போகாததெல்லாம் வெற்றி.”

“ஆட்டம் விளங்குமோ?”

“ஓம், எங்கட ஊர் எல்லே விளையாட்டு மாதிரித்தான். அடிச்சிட்டு ஓடவேணும்.”

அலைபேசி ஒலித்தது. “வெண்டிட்டாள்!” என்று கத்தியவர், கத்தியை வைத்துவிட்டுப் பிள்ளையார் கோயிலுக்கு ஓடினார்.

எனக்கு இடக்கன்னம் மட்டுமே முடிந்திருந்தது. நாற்பது நிமிடம் காத்திருந்தேன். பிறகு நுரையைத் துடைத்துக்கொண்டு அப்படியே மெத்ரோ ஏறினேன்.

வீட்டில் சவரக்கத்தி இருந்தது. தொடவில்லை. மறுநாள் காலை முதல் வேலையாக, வலக்கன்னத்தை அவரிடமே கொண்டுபோனேன்.