கொக்கி இல்லாத கலவை இயந்திரம்

அலமாரி நிறைய இயந்திரவியல் நூல்கள் வைத்திருந்தும், கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் தடுக்க ஒரு கொக்கி போட எனக்குத் தோன்றவில்லை. லாரி ஏறாத பள்ளங்கி மலைக்கிராமச் சரிவில் சுவர் கட்ட, பழைய பீப்பாயில் கையால் சுற்றும் கான்கிரீட் கலவை இயந்திரம் செய்தேன். காலியாகச் சுற்றிப் பார்த்து எனக்கு நானே மேதைப் பட்டம் கொடுத்துக்கொண்டேன்.

“லாரி போட்ட குட்டியாங்க இது?” என்று சிரித்தபடி, சித்தாள் மாரியக்கா ஜல்லியும் சிமெண்டும் நிரப்பிச் சுற்றினார். முந்தானையைச் செருக ஒரு கையை எடுத்ததும், பாரம் சரிந்து, திரும்பிச் சுழன்ற கைப்பிடி அவர் மணிக்கட்டை முறித்தது. எலும்பு கோணலாகத்தான் கூடியது. வருடந்தோறும் போய்வந்த பூண்டு அறுவடைக்கு இப்போது யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை.

இன்று கொக்கி இருக்கிறது. முழுப் பாரத்துடன் நானே சுற்றிப் பார்க்காமல் எதையும் பிறர் கையில் கொடுப்பதில்லை. கொக்கியை அவரிடம் காட்டினேன்.

“நல்லாத்தாங்க இருக்கு,” என்றார். “மம்பட்டியில கலக்குனப்ப இடுப்பு மட்டுந்தாங்க வலிச்சுச்சு.”